செட்டு தின்ற பாட்டு

கணினிக்குள் நான் உருவாக்கிக்கொண்டிருந்த வாத்தியத்தை நான் நேரில் பார்த்ததே இல்லை. எங்கள் மாவட்டத்தில் யாரும் பார்த்திருக்க வாய்ப்பும் இல்லை. பீரோவைப் படுக்கவைத்தது போல ஒரு மரப்பெட்டி. அதன் மேல் ஆர்மோனியத்தில் இருப்பது மாதிரி கறுப்பு வெள்ளைக் கட்டைகள். ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு நாடா, கேசட்டுக்குள் ஓடுமே அதே நாடா, கொஞ்சம் அகலமாக. ஒரு நாடாவில் ஒரே ஒரு சுரம். யாரோ ஒருவர் எப்போதோ புல்லாங்குழலில் ஊதிப் பதிந்தது. கட்டையை அழுத்தினால் நாடா ஓடும், அந்தச் சுரம் கேட்கும். ஏழெட்டு வினாடியில் நாடா தீர்ந்துபோகும், சுரம் பட்டென்று நின்றுவிடும். கையை எடுத்தால் ஒரு சுருள்வில் நாடாவைப் பழைய இடத்துக்கு இழுத்துக்கொள்ளும். அவ்வளவுதான் வாத்தியம்.

முதன்முதலில் ஒரு வீடியோவில் கேட்டேன். குழல் மாதிரி இருந்தது, குழல் ஊதுகிறவர் கிணற்றுத் தண்ணீருக்குள் உட்கார்ந்துகொண்டு ஊதுகிற மாதிரியும் இருந்தது. அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. பொறியியல் முடித்துவிட்டு நைனார்பாளையத்தில் வீட்டில் இருந்தேன். வேலை கிடைத்துவிட்டது, ஆனால் சேரச் சொல்லும் தேதி மட்டும் தள்ளிக்கொண்டே போனது. சும்மா இருக்க எனக்கு வராது. அந்தப் பெட்டியை மென்பொருளாக எழுத உட்கார்ந்தேன். திரையில் கட்டைகள், பக்கத்தில் மூன்று திருகுகள். பெயரெல்லாம் நானே வைத்தேன்: ஆட்டம், தேய்மானம், இரைச்சல். நாடா சீராக ஓடாமல் அலைவது ஆட்டம். பழசாகி மழுங்குவது தேய்மானம். இரைச்சலுக்கு விளக்கம் தேவையில்லை.

இதையெல்லாம் என் அத்தையிடம் ஒருநாள் ஆசையாக விளக்கினேன். அத்தை என்றால் அம்மாவின் தம்பி மனைவி. அடுத்த தெருதான். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டே முழுக்கக் கேட்டார்.

"எட்டு செகண்டுல நின்னுபூடற மிசினு. அது ஒழுங்காவும் ஓடாது. அத அப்பிடியே ரிப்பேரோட செய்யறதுக்குத்தான் நாலு வருசம் காலேஜுக்குப் போனியா?"

ரிப்பேர் இல்லை அத்த, ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் கொஞ்சம் வேறு மாதிரி கேட்கும், அதுதான் அதன் உயிர் என்றேன்.

"எங்க மிக்சிகூட ஒவ்வொரு வாட்டியும் வேற மாதிரிதான் கத்துது. அதயும் போட்டுக்கோ."

போட்டுக்கொண்டேன். மிக்சிக்கு அடிப்பக்கத்தில் நல்ல கனமான ஒரு சுரம் இருக்கிறது.

மாமா மைக் செட் வைத்திருக்கிறார். எங்கள் பக்கத்தில் 'செட்டு' என்றாலே அதுதான்: ஆம்ப்ளிஃபயர், குழாய் ஸ்பீக்கர், ஒயர், ஜெனரேட்டர் எல்லாம் சேர்ந்தது. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் அவர் செட்டு போகும். இப்போது பாட்டெல்லாம் பென் டிரைவில் இருக்கிறது. ஒரே ஒரு ஊருக்கு மட்டும் அவர் இன்னும் கேசட் கொண்டுபோவார். கல்வராயன் மலையில், வெள்ளிமலை தாண்டி இருக்கும் ஒரு சின்ன ஊர். ஆடியில் அங்கே அம்மனுக்குத் திருவிழா. ஓடையிலிருந்து கரகம் எடுத்துக்கொண்டு கோயிலுக்கு நடந்து வருவார்கள். மாமாவுக்குக் கல்யாணம் ஆகாத காலத்தில், ஒரு வருஷம் கீழேயிருந்து நாதஸ்வர மேளம் போயிருக்கிறது. கரகத்தோடு கூடவே நடந்து அவர்கள் வாசித்த பாட்டை மாமா வீட்டு டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பதிவு செய்திருக்கிறார். அடுத்த வருஷத்திலிருந்து மேளம் மலையேறவில்லை. ஆடியில் மேளக்காரர்களை யார் பிடிக்க முடியும்? அந்தக் கேசட்டே மேளம் ஆகிவிட்டது.

அந்தக் கேசட்டை இந்த வருஷம் மாமாவின் செட்டு தின்றுவிட்டது. திருவிழாவுக்கு முன்னால் ஓட்டிப் பார்க்கலாம் என்று செட்டோடு இருக்கும் பழைய பிளேயரில் போட்டிருக்கிறார். பாட்டு நின்றது, உள்ளே கரகரவென்று ஒரு சத்தம். அவசரத்தில் ஸ்க்ரூடிரைவரால் நெம்பி, சிக்கியதை பிளேடால் அறுத்து வெளியே எடுத்திருக்கிறார். இன்னொரு காப்பி எடுத்து வைக்க வேண்டும் என்று வருஷா வருஷம் நினைத்துக்கொண்டுதான் இருந்தாராம்.

ஒரு பிளாஸ்டிக் பையோடு எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"பாப்பா, உன் பொட்டியில நாடா துண்டு துண்டாத்தான இருக்கும்னு சொன்ன?"

ஆமாம் என்றேன்.

பையை என் மேஜைமேல் கவிழ்த்தார். "இந்தா. துண்டு."

கசங்கிய நாடா ஒரு குவியல். கரகம் எடுப்பவரிடம் போனில் சொல்லிவிட்டாராம். அந்தப் பாட்டு இல்லாமல் கரகம் தூக்குவது எப்படி என்று அவர் கேட்டிருக்கிறார். அங்கே இருக்கும் பையன்கள் சக்கரம் வைத்த புளூடூத் ஸ்பீக்கர் ஒன்று வாங்கி வைத்திருக்கிறார்கள், ஏதாவது ஒரு அம்மன் பாட்டைப் போட்டுக்கொள்ளலாம், செட்டே வேண்டாம் என்கிறார்களாம்.

"கல்யாணம் எத்தன வேணா போவட்டும்," என்றார் மாமா. "அந்த ஊருக்கு நான் செட்டுக்காரன் இல்ல பாப்பா. அவங்களோட மேளக்காரன். அங்க இனிமே வேணாம்னுட்டா நான் எந்த மூஞ்ச வெச்சிகினு மலையேறுவேன்?"

மாமா விளையாட்டுப் பேச்சுக்காரர். இதைச் சொல்லும்போது நாடாவைத் தவிர வேறெதையும் அவர் பார்க்கவில்லை.

எனக்கோ, வெளியே சொல்ல முடியாத சந்தோஷம். கட்டைக்கு ஒரு துண்டு நாடா. நான் எழுதிக்கொண்டிருந்த வாத்தியத்துக்கு இதைவிடப் பொருத்தமான தீனி கிடைக்குமா?

நல்ல துண்டுகளைப் பிரித்தேன். ஒட்டி, காலிக் கேசட்டுக்குள் சுற்றி, என்னிடமிருந்த நல்ல டேப் டெக்கில் ஓட்டிக் கணினிக்குள் ஏற்றினேன். நாடாவைப் பற்றித் தெரிந்துகொள்ளவே சென்னையில் தேடிப் பிடித்த டெக் அது, கடிகாரம் மாதிரி ஓடும். ஒரு துண்டின் முடிவும் இன்னொன்றின் தொடக்கமும் எங்கே பொருந்துகின்றன என்று பார்த்துப் பார்த்துப் பாட்டின் வரிசையைக் கண்டுபிடித்தேன். பிறகு சுரம் சுரமாக வெட்டிக் கட்டைகளுக்கு அடியில் போட்டேன். மேல்சுரம் ஒன்று மட்டும் எந்தத் துண்டிலும் முழுசாகக் கிடைக்கவில்லை. வாலில் கொஞ்சம்தான் இருந்தது. சுழற்றி நீட்டிவிடலாம், ஆனால் காது கண்டுபிடித்துவிடும். குட்டையாகவே விட்டேன். வேண்டுமானால் இரண்டு தடவை அழுத்திக்கொள்ளலாம்.

அப்புறம் ஒரு விஷயம் நடந்தது. நாதஸ்வரம் தனியாகப் பதிவாகவில்லையே, ஊரோடு சேர்ந்துதானே பதிவாகியிருக்கிறது? ஒரு கட்டையை அழுத்தினால் பின்னால் யாரோ இருமுகிறார்கள். இன்னொன்றில் தவில் ஒரு தட்டு. காந்தாரத்தை அழுத்தினால் ஒவ்வொரு தடவையும் ஒரு சேவல் கூவுகிறது. வடிகட்டிப் பார்த்தேன். சேவலோடு சேர்ந்து நாதஸ்வரமும் மெலிந்தது. விட்டுவிட்டேன். மாமாவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். அவர் ஒரு காதில் போனை வைத்து யாரிடமோ பந்தல் பற்றிப் பேசிக்கொண்டே கேட்டார். இதான், இதேதான், முன்பைவிடத் தெளிவாக இருக்கிறது என்றார். சேவல் அந்த ஊர்ச் சேவல்தான் என்றும் சொன்னார்.

திருவிழாவுக்கு முந்தின வாரம் மாமாவின் குட்டியானை வண்டியில் மலையேறினோம். கரகம் எடுப்பவர் மரவள்ளிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். மாமாவின் வயதுதான் இருக்கும். என்னைக் காட்டி, அக்கா மகள் என்றார் மாமா. செட்டுக்காரர் மருமவளா, வாம்மா என்று வாசலுக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தார்கள். நான் வாசித்துப் பதிவு செய்து வைத்திருந்ததை ஸ்பீக்கரில் போட்டேன். அவர் ஒரு பிளாஸ்டிக் குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வாசலில் நடந்தார். நின்றார். முதலிலிருந்து போடச் சொன்னார். மறுபடியும் நடந்தார். மறுபடியும் நின்றார்.

"பாட்டு அதாங்க," என்றார். "ஆனா காலு ஒத்துக்கல."

அவர் மனைவி கதவில் சாய்ந்துகொண்டு சிரித்தார். "கரகம் தூக்கினு பஸ்ஸப் புடிக்கப் போற மாதிரி இருக்குது."

எது சரியில்லை என்று கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. குடத்தை இறக்கி வைத்துவிட்டு மாமாவைப் பார்த்தார். "வெள்ளிக்கெழம வரைக்கும் பாருங்க. இல்லாட்டி பசங்க பாத்துக்கறோம்ங்கறாங்க. உங்களுக்கும் எதுக்கு வீண் அலைச்சல்."

அந்த அலைச்சல் என்ற சொல்தான் மாமாவைத் தைத்துவிட்டது. இறங்கும்போது கொண்டை ஊசி வளைவுகளில் வண்டியைத் திருப்பிக்கொண்டு தனக்குள்ளேயே அந்தப் பாட்டை முனகிக்கொண்டு வந்தார். நான் எங்கே தப்பு விட்டேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சுரம் சரி, வரிசை சரி. அப்போதுதான் முனகல் காதில் விழுந்தது. சுருதி பார்க்கும் செயலியைத் திறந்து போனை அவர் வாய்ப் பக்கம் நீட்டினேன்.

"இன்னாத்துக்கு இப்ப என் மூஞ்சிக்கு நேரா நீட்டற?"

முனகுங்க மாமா, நிறுத்தாதீங்க என்றேன். என் பதிவைவிட அவர் முனகல் ஏறக்குறைய ஒரு கட்டை கீழே இருந்தது. மெதுவாகவும் இருந்தது. சரி, மாமா பாடகர் இல்லை. என் பதிவைப் போட்டு, கூடவே பாடச் சொன்னேன். இரண்டு வரிக்குள் பின்தங்கிவிட்டார்.

"உன்னுது ஓடுது," என்றார். "பாட்டு அப்பிடி ஓடாது."

மலையில் கேசட் போடுகிற அந்தப் பழைய பிளேயரை எப்போதாவது பழுது பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"பெல்ட்டு ஒருவாட்டி அந்துபூட்டுது. மொதமொத அங்க கேசட்டு போட்ட வருசமே. நாளைக்குத் திருவிழா, பெல்ட்டுக்கு எங்க போறது? சைக்கிள் டியூப வெட்டி மாட்டினேன். இத்தினி வருசமா அதுலதான் ஓடிகினு இருந்துச்சு," என்றார் பெருமையாக.

"ஓடிகினு இருந்துச்சா, அழுதுகினு இருந்துச்சா?"

பேட்டரி தீர்ந்தோ மோட்டார் இழுத்தோ கேசட் மெதுவாக ஓடினால் 'டேப்பு அழுவுது' என்போம். மாமா அடுத்த வளைவு முடிந்த பிறகு சிரிக்க ஆரம்பித்தார்.

"அப்ப இத்தினி வருசமா அம்மன அழவெச்சிகினேதான் கோயிலுக்குக் கூட்டியாந்தனா?"

ஊருக்குத் தெரிந்த பாட்டு அழுகிற பாட்டு. கரகக்காரரின் கால் பழகியது அதற்குத்தான். நானோ மேளக்காரர்கள் வாசித்த சரியான சுருதிக்கே திருத்திக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

அன்று மதியமே பிளேயரைத் திறந்தோம். கத்தரிக்கோலால் வெட்டிய ரப்பர், ஒரு இடத்தில் அகலம், ஒரு இடத்தில் ஒல்லி. பஞ்சர் சொல்யூஷன் போட்டு ஒட்டிய மூட்டு தடித்திருந்தது. அளக்காமல் எப்படி விடுவது? ஒரே சீரான ஒலியை ஒரு கேசட்டில் பதிந்து, அந்தப் பிளேயரில் போட்டு, வெளியே வருவதைக் கணினியில் பிடித்தேன். கொஞ்ச நேரம் ஓடிவிட்டு அந்தக் கேசட்டையும் தின்றுவிட்டது. பரவாயில்லை, வேண்டியது கிடைத்துவிட்டது. ஒலி எவ்வளவு கீழே இறங்குகிறது என்று தெரிந்தது. ரப்பர் ஒரு சுற்று வரும்போதெல்லாம், தடித்த மூட்டு மோட்டாரைத் தாண்டுகிற இடத்தில், சுருதி மேலே ஒரு குட்டித் துள்ளல் துள்ளி இறங்குகிறது. கோட்டுப் படமாகத் திரையில் பார்த்தபோது வியப்பாக இருந்தது. எங்கோ ஒரு நாட்டில் செய்த பெட்டியின் ஆட்டத்தைக் கட்டுரை கட்டுரையாகப் படித்து எழுதியிருந்தேன். அதற்குத் துளியும் குறையாத ஆட்டம் ஒன்று எங்கள் மாமாவின் கிடங்கிலேயே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. திரையில் நான்காவதாக ஒரு திருகு சேர்த்தேன். பெயர் அழுகை.

அத்தை வந்து எட்டிப் பார்த்தார். "நல்லா இருந்த பாட்டக் கெடுக்கறதுக்கா இம்மா நேரம்?"

திருவிழா வெள்ளிக்கிழமை உச்சி வேளையில். அழுகையை எழுதி முடிக்கவே வியாழன் இரவாகிவிட்டது; மறுபடியும் நடந்து காட்டச் சொல்ல நேரமில்லை, நேராகத் திருவிழாதான். இந்த முறை பதிவு செய்து கொண்டுபோகவில்லை. அங்கேயே வாசிப்பது என்று முடிவு செய்தேன். கரகம் எவ்வளவு நேரத்தில் வந்து சேரும் என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. வாசித்தால் நீட்டலாம், குறைக்கலாம். கோயிலுக்குப் பக்கத்தில் ஆம்ப்ளிஃபயர். அதன் அருகே ஒரு ஸ்டூலில் மடிக்கணினி, என் மடியில் சின்னக் கீபோர்டு. ஓடையிலிருந்து ஏறிவரும் பாதை முழுக்கத் தெரிந்தது. சக்கர ஸ்பீக்கர் எங்களுக்கு எதிரே நின்றது. பையன்களில் ஒருவன் போனில் பாட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கட்டைவிரலைத் தயாராக வைத்திருந்தான். மாமா அவனைப் பார்க்கவே இல்லை. ஒயர்களையே திரும்பத் திரும்பச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

ஓடைக்கரையில் கரகம் தலையில் ஏறியது. மாமா தலையசைத்தார். அழுத்தினேன்.

குழாய் ஸ்பீக்கரில் கேட்டபோது எனக்கே வேறு மாதிரி இருந்தது. கனமாக, இழுத்து இழுத்து, மூட்டு வரும் இடத்தில் சின்னதாகத் துள்ளி. நான் பாட்டைக் கேட்கவில்லை, கரகக்காரரின் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கால் முன்னே வந்தது. நின்றது. சுரம் மாறியது, இடது கால் வந்தது. அப்புறம் அவர் நிற்கவில்லை. காந்தாரம் வந்தபோது சேவல் கூவியது, ஊரிலிருந்த சேவல்கள் பதிலுக்குக் கூவின, பெண்கள் சிரித்தார்கள். பையன் போனைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

பாதி வழியில் ஒரு பலாமரம். அதன்கிட்ட வரும்போது பாட்டு ஒரு சுற்று முடிந்தது. நான் விடாமல் உடனே முதலிலிருந்து தொடங்கினேன்.

கரகம் நின்றுவிட்டது. கூட்டமும் நின்றுவிட்டது. செம்பு செம்பாக மஞ்சள் தண்ணீர் வைத்திருந்த பெண்கள் ஊற்றாமல் நின்றார்கள். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். என் கை மட்டும் கட்டைகள் மேல் ஓடிக்கொண்டிருந்தது. அழுகை கூடிப்போய்விட்டதா? துள்ளல் இடம் மாறிவிட்டதா? மாமாவைப் பார்த்தேன். அவர் சுட்டுவிரலைக் காற்றில் பின்பக்கமாகச் சுற்றிச் சுற்றிக் காட்டினார். ரீவைண்டு.

கையை எடுத்தேன். பாட்டு நின்றது. உடனே பெண்கள் குனிந்து கரகக்காரரின் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றத் தொடங்கினார்கள், ஒருவர் பின் ஒருவராக, அவசரமே இல்லாமல். ஜெனரேட்டர் சத்தம் மட்டும்தான். மாமா கண்ணை மூடிக்கொண்டு நின்றார். உதடு அசைந்துகொண்டிருந்தது. கேசட் பின்னால் சுற்ற எவ்வளவு நேரமாகும் என்பது அவருக்குள் இருக்கிறது. அது முடிந்ததும் கண்ணைத் திறந்து, கட்டைவிரலால் காற்றில் ஒரு பொத்தானை அழுத்தினார். நான் முதல் சுரத்திலிருந்து தொடங்கினேன். கரகம் கோயிலுக்கு வந்து சேர்ந்தது.

சாப்பாட்டின்போது கரகக்காரர் எங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கால் இன்னும் மஞ்சளாக இருந்தது. கோழிக்குழம்பை மாமாவின் இலையில் இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார்.

"வர்ற வருசம் பலாமரத்துலயும் ஒரு குழாய் கட்டிடுங்க. பின்னாடி வர்றவங்களுக்குக் கேக்கல."

மாமா சரிங்க என்றார். இலையிலிருந்து தலை தூக்காமல் சொன்னார். ஆனால் கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது.

எனக்கு அந்த நிறுத்தமே மனசில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த மரத்தடியில் ஏன் நிற்கிறீர்கள் என்று கரகக்காரரிடம் கேட்டேன். அம்மன் முதன்முதலில் வந்து உட்கார்ந்த இடம் அது, தன் அப்பா கரகம் தூக்கிய காலத்திலும் அங்கே நின்றுதான் கால் கழுவுவார்கள் என்றார்.

வண்டியில் ஏறியதும் மாமாவிடம் சொன்னேன்.

"அம்மனா?" என்றார். "கேசட்டு அந்த எடத்துல தீந்துபூடும். சுத்தணும். சுத்தற வரைக்கும் இன்னா பண்ணுவாங்க, நின்னாங்க. நிக்கறப்ப சும்மா நிக்காம காலக் கழுவினாங்க. அது என்னோட ரீவைண்டு பாப்பா."

நிற்கச் சொல்லி நீங்கள் சொன்னீர்களா?

யோசித்தார். "சொல்லல. அவங்களே நின்னாங்க."

கேசட் ஏன் அந்த இடத்தில் தீர்கிறது?

"மேளம் அதோட முடிஞ்சிடுச்சி. நானும் நிறுத்திட்டேன்."

மேளம் கரகத்தோடு நடந்துகொண்டே வாசித்தது. பலாமரத்தடியில் கரகம் நின்றதால் மேளம் நிறுத்தியதா, மேளம் நிறுத்தியதால் அதற்கப்புறம் கரகம் நிற்க ஆரம்பித்ததா? மடிக்கணினியை மடியில் திறந்தேன். வெட்டாத பழைய பதிவில் கடைசித் துண்டைத் தேடி எடுத்து, காதுக்கருவியை மாட்டிக்கொண்டு ஒலியைக் கூட்டினேன். கடைசிச் சுரம் நிற்கிறது. மாமாவின் விரல் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் ஒரு கணம் மிச்சம் இருக்கிறது. அதில் இரைச்சல். இரைச்சலுக்குள் என்னமோ ஒன்று சளக்கென்றது. காலில் ஊற்றுகிற தண்ணீராக இருக்கலாம், கீழே ஓடையாக இருக்கலாம், நாடா கசங்கிய இடமாகவும் இருக்கலாம்.

ஒரு காதுக்கருவியைக் கழற்றி மாமாவிடம் நீட்டினேன். வளைவில் அகலமான இடம் பார்த்து வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தார். மாட்டிக்கொண்டு கேட்டார்.

"இன்னொரு வாட்டி போடு," என்றார்.